குரலைக் காத்து வைப்போம்

ஏற்காடு செல்லும் சாலையில் சேலம் மாடர்ன் தியேட்டர்சின் பழைய நுழைவு வளைவைக் காணாதார் நம்மில் சிலரே. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய படநிலையம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமாகிய ‘பாலன்’ (1938) அங்கேதான் உருவாயிற்று. பேசும்படம் எடுப்போர் நல்ல ஒலிவாங்கியோடு மனநிறைவு கொள்வதில்லை; வெளியோசை புகாத அரங்கையும் அமைப்பர். நாம் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

ஒலிவாங்கி இன்று அரிய பொருளன்று. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர் கண்ட ‘எலெக்ட்ரெட்’ முறையால் அதன் விலை பெரிதும் குறைந்தது. சட்டையில் செருகும் சிறு மைக்குகள் பெரும்பாலும் இவ்வகையினவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவி தெளிவாகவே கேட்கும். ஆயின் வேண்டாததையும் சேர்த்தே கேட்கும்.

இதனை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். என் பாட்டியாரின் நடவுப் பாடல்களை ஒருநாள் மாலையில் கைப்பேசியில் பதிவு செய்தேன். அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். கைப்பேசி எட்டடி தள்ளி நாற்காலியில் இருந்தது. மேலே மின்விசிறி, அடுத்த வீட்டில் விசைத்தறி. மறு ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். இன்று அப்பதிவில் தறியோசை கேட்கின்றது. பாட்டின் சொற்கள் விளங்கவில்லை. பாட்டி என்ன பாடுகிறார் என்று பிள்ளைகள் வினவும்போது என்னிடம் விடையில்லை. குறை கருவியினுடையதன்று, என்னுடையது.

ஆகவே, முதலில் அமைதியான வேளையைத் தேர்ந்தெடுங்கள். தறிகள் ஓயும் நேரமும் விடியற்காலையும் ஏற்றவை. விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறுஞ்சுவர் எதிரொலிக்கும், ஜமக்காளம் விரித்து, கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி தணியும்.

அடுத்தது தொலைவு. திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். சுற்றுப்புற இரைச்சலோ அவ்வாறு குறைவதில்லை. எனவே ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் அளவில் வையுங்கள். ‘ப’கர ஒலிகளின் மூச்சு நேரே மோதாதபடி சற்று ஒருபக்கமாக வைப்பது நலம். மேசைமேல் வைப்பதாயின் மடித்த துண்டு ஒன்றை அடியில் இடுங்கள். மேசையின் அதிர்வு ஏறாது.

பாடற்குழுவைப் பதிவு செய்வோர், ஆலய ஒலிபெருக்கியின் முன் கருவியை வைக்கலாகாது. பாடுவோரை அரைவட்டமாக நிறுத்தி, மென்குரலினரை முன்னும் வன்குரலினரைப் பின்னும் அமைக்கவேண்டும். பாடலின் உரத்த பகுதியை முதலில் பாடச்செய்து, ஒலியளவைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். மெல்லிய பதிவைப் பின்னர் உயர்த்தலாம்; அளவு மீறிச் சிதைந்ததை மீட்பது அரிது.

அரை நிமிடம் பதிந்து கேட்டுப்பார்த்த பின்னரே முழுமையாகத் தொடங்குங்கள். பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் இரு வேறு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

உங்கள் இல்லத்திலும் முதியவர் ஒருவர் இருப்பார். வரும் ஞாயிறு விடியலில் விசிறியை நிறுத்திவிட்டு அவரருகே அமருங்கள்.