துரை, கூலி, மாஸ்டர், ஸ்லேவ்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த ஜம்பர் நினைவிருக்கும். ஒரே கேபிளில் இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டினால், நகக்கண் அளவுள்ள அதைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகி, ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். ஆண்டான், அடிமை என்று லேபிளிலேயே அச்சிட்டிருந்தார்கள், பெரும்பாலோருக்கு உறுத்தவில்லை. 2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி நிர்வாகம் இந்தச் சொற்கள் வேண்டாம் என்றபோது கேலிதான் மிஞ்சியது. 2018இல் பைத்தான் நிரல்மொழி அவற்றைக் கைவிடத் தொடங்கியது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் லினக்ஸ் கெர்னலும் கிட்ஹப்பும் மாறின. இன்று சேலம் ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவில் வேலைக்குச் சேரும் பிள்ளை கிட்ஹப்பில் புதிதாக ஒரு நிரல் திட்டத்தைத் தொடங்கினால், முதல் கிளையின் பெயர் 'மாஸ்டர்' அல்ல, 'மெயின்'.

அதே சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கே இந்தச் சொற்களுக்கு ரத்தமும் சதையும் இருந்தன. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, பங்களாவில் துரை, லைன் வீட்டில் கூலி. வெள்ளைக்காரர் போன பிறகும் 'துரை' உடனே மலையிறங்கிவிடவில்லை.

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. கூலி, தொழிலாளி ஆனார். வெறும் பெயரோடு நிற்கவில்லை: வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமையாயின.

மென்பொருளில் பெயர் மாற்ற ஒரு கட்டளை போதும். இழப்பென்று பார்த்தால், பழைய ஸ்கிரிப்டுகள் கொஞ்சம் முரண்டு பிடித்ததுதான். ஸ்லேவ் என்றாலும், புதுப்பெயரில் ரெப்ளிகா (நகல்) என்றாலும் டிஸ்க்குக்குச் சம்பள பாக்கி கிடையாது. அதற்காக அந்த மாற்றத்தை வீண் என்று ஒதுக்க மாட்டேன். திரையைப் பார்ப்பவர் மனிதர், அவருடைய முன்னோரில் விற்கப்பட்டவர்களும் இருக்கலாம். ஆனால் மலையில் நடந்த பெயர் மாற்றமே கனமானது. அதன் பின்னால் ஒரு கதவும் கூரையும் இருந்தன.

எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 ஆட்களும் உள்ள தோட்டத்துக்கே சட்டம் பொருந்தியது. 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேர், 15 ஆட்கள் என்று இறக்கியது. அதற்கும் சிறிய தோட்டத்தில் பழம் பறித்தவருக்குத் தொழிலாளி என்ற பெயர் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் வீடு கிடைக்கவில்லை.