ஈரச் சாலையில் இரண்டு சக்கரம்

மட்டாஞ்சேரியில் மழைக்காலம் ஆறு மாதம். பிரேக் பிடிக்கக் கிடைப்பதோ சில விநாடிகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோடில் இடவப்பாதி மழை இறங்கியதும் முதலில் மாறுவது வாசனை. கிடங்குகளிலிருந்து வரும் மிளகு, சுக்கு நெடியோடு ஈர மண் கலக்கிறது. அடுத்து மாறுவது சாலை. ஒரு பக்கம் சரக்கு இறக்கும் லாரி, மறுபக்கம் கடை வாசல், நடுவே ஒரு ஸ்கூட்டர் நுழையும் அளவுக்கே இடம். லாரிகள் சிந்திய டீசலும் எண்ணெயும் தூசியும் மழைநீரில் குழைந்து வழவழப்பான படலமாகப் படிவது அங்கேதான். இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை சாலையைக் கழுவிவிடும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் துலாவர்ஷம் வந்துவிடும். போதாக்குறைக்குக் காயல் ஏற்றத்தின்போது மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் இருப்பது தாரா, குழியா என்பது சக்கரம் இறங்கும்வரை தெரியாது.

அந்தக் குழிகளின் விலை உயிர். 2019 டிசம்பரில் கொச்சி பாலாரிவட்டத்தில் சாலைக் குழியருகே விழுந்த இளைஞர் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தபோது கேரள உயர்நீதிமன்றம் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது. அதற்கு ஓராண்டு முன்பு, 2018 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் முன் வைக்கப்பட்ட கணக்கு இன்னும் பெரியது: 2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் சாலைக் குழிகளால் இறந்தவர்கள் 14,926 பேர். குழியை மூடுவது அரசின் வேலை. அது மூடப்படும்வரை தப்பிப்பது ஓட்டுகிறவரின் பாடு.

பத்து கிலோமீட்டரில் ஒரு உயிர்

தப்பிக்க ஒரு எளிய கணக்கு உதவும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, நல்ல உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 9 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு குறைந்துவிடுவதால் அதே வண்டிக்குச் சுமார் 16 மீட்டர் தேவை. வேகத்தை 30க்குக் குறைத்தால் நனைந்த சாலையிலும் அது 9 மீட்டருக்குள் நின்றுவிடும். பத்து கிலோமீட்டர் விட்டுக்கொடுத்தால் மழை பறித்ததைத் திரும்பப் பெறலாம். டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கும் பொய்த்துப் போகும். டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு, தேய்ந்த ரப்பரோடு சமமாகிவிட்டால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது.

முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் உண்டு. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி காலடியிலிருந்து நழுவும். இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி, படிப்படியாக அழுத்துவதே முறை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஓட்டுகிறவரின் விரல்கள்தான் ஏபிஎஸ். தண்ணீரைக் கடந்து வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து விட்டால் ஈரம் உலரும்.

இரும்பும் பெயிண்டும் மழையின் கூட்டாளிகள். சாக்கடை மூடி, ஜீப்ரா கோடு, பாசி படிந்த சிமென்ட் கல், ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு 2018 முதல் ஓடும் ரோ-ரோ படகின் இரும்புப் பலகை எல்லாம் ஒரே ஜாதி. இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராகக் கடக்க வேண்டும்.

பிறகு குடை. பின்னால் இருப்பவர் விரித்த குடையில் எதிர்க்காற்று புகுந்தால் அது பாய்மரம். 2021 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை, ஓடும் இருசக்கர வாகனத்தில் குடை பிடிப்பதைத் தடை செய்தது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் 2019 டிசம்பரிலிருந்தே இங்கு கட்டாயமாகிவிட்டது. மழைக்கோட்டு இருந்தால் குடைக்கு வேலையில்லை. அதன் நுனியும் சேலைத் தலைப்பும் சக்கரத்துக்கு எட்டாமல் செருகியிருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் வெளி என்ற இடத்தில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் டோபி கானா இருக்கிறது. மழைநாளில் அங்கே துணி காய நேரமாகும். வெளுக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்கப் பழகியிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவரும் பத்து நிமிடம் தாமதமாக வரலாம். வாசலில் காத்திருப்பவர்களுக்கு அவர் வந்து சேர்ந்தால் போதும்.