பாம்பன் வாயிலும் கடல் மடைகளும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிற் பிறந்தோர்க்குக் கடல் சேய்மையது. கண்மாயோ வீட்டு வாயிலிலேயே உள்ளது. கண்மாய் எத்துணைப் பெரிதாயினும் நீர் வயலுக்குச் செல்வது சிறு மடை வழியாகவே. மடையைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவனுக்கு ஆயக்கட்டு முழுவதும் அஞ்சும். இரண்டு கடற்பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியாகிய ஜலசந்தியும் அத்தகையதே. ஹார்முஸ் ஜலசந்தி மிக ஒடுங்கிய இடத்தில் 40 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அதுவன்றி வேறு கடல்வழி இல்லை. மலாக்கா ஜலசந்தியோ சிங்கப்பூருக்கருகில் 3 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகின்றது. எனினும் அது அடைபடின் சுந்தா, லொம்போக் ஆகிய ஜலசந்திகள் வழியே சுற்றிச் செல்லலாகும். ஆகவே, மாற்றுவழி உண்டா என்பதே ஒரு ஜலசந்தியின் வலிமையை அளக்கும் கோல்.

இனி நம் சீமைக்கு வருவோம். 1985 வரை திருச்சுழியும் இராமேசுவரமும் ஒரே ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் பாக்கு ஜலசந்தி 50 கிலோமீட்டருக்கு மேல் அகன்றிருந்தும் பெருங்கப்பல்கள் அதனை வழியாகக் கொள்வதில்லை. காரணம் ஆழமின்மை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள சேது மணற்றிட்டுகளிற் பலவிடங்களில் ஓராள் ஆழந்தானும் இல்லை. அதனாலன்றோ தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருங்கப்பல் இலங்கையையே வலம் வருகின்றது!

சிறு மரக்கலங்களுக்குக் கிடைத்த மடை, இராமேசுவரத் தீவுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட பாம்பன் வாயில். அது சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய டச்சுக்காரர், பாம்பனையும் விரும்பிச் சேதுபதிகளோடு சில காலம் பொருதும் சில காலம் உடன்படிக்கை செய்தும் வந்தனர். பீரங்கியுடையார்க்கும் ஆழமற்ற நீரில் உள்ளூரார் தயவு வேண்டியிருந்தது போலும்! 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பாறைகளை உடைத்து வாயிலை ஓரளவு ஆழமாக்கினர்.

1914-இல் இவ்வாயிலின் குறுக்கே ரயில் பாலம் அமைந்தது. கிழமேலாக ரயிலும் தென்வடலாகக் கப்பலும் செல்லவேண்டுமாதலின், நடுக்கண் இரு கதவுகளாகப் பிளந்து மேலெழுமாறு செய்தனர். நம் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றோர் எத்தனையோ பேர் இப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியிற் கப்பலேறினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் ஒரு ரயிலையும் பயணிகளோடு விழுங்கிற்று. அக்கப்பல் வழியும் அற்றது. 2025 ஏப்ரலிற் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் நடுக்கண் செங்குத்தாக உயர்கின்றது.

சேதுவை ஆழமாக்கும் கால்வாய்த் திட்டம் 2005-இல் தொடங்கி, வழக்குகளால் நின்றது.

எனினும் வாணிகப் பெருவழியாகாத இக்கடல் எல்லைக்கடலாயிற்று. 1974, 1976-ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இதனிடையே கோடிட்டன. கச்சத்தீவு இலங்கைப் பக்கலில் அமைந்தது. கடல் ஒடுங்கியதாதலின் இராமேசுவரத்து விசைப்படகு சில மணி நேரத்தில் அக்கோட்டை எட்டிவிடுகின்றது. அப்பாற் செல்லும் படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கின்றது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து மீனவரோ, தம் வலைகள் இழுவைமடியாற் கிழிபடுவதாக முறையிடுகின்றனர். இருகரையாரும் தமிழரே.