பழைய லேண்ட் ரோவரும் ஒரு துளி மெழுகும்

சிங்கப்பூரில் வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. உச்சம் 37 டிகிரி. 1983இல் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் அது பதிவானது. இப்படிப்பட்ட ஊரில் பழைய லேண்ட் ரோவரோ லேண்ட் குரூசரோ வைத்திருப்பவருக்கு யாராவது ஒருவர் கட்டாயம் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்: “தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுச் சமாச்சாரம். கழற்றிப் போட்டுவிடுங்கள், வண்டி சூடேறாது.” தமிழ்நாட்டிலும் அம்பாசடர் காலத்திலிருந்தே இந்த வைத்தியம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் தப்பு.

புக்கிட் மேரா வட்டாரம் வண்டிக்காரர்களுக்குப் பழக்கமான இடம். லெங் கீ சாலையின் காட்சிக்கூடங்களில் புது வண்டிகள் நிற்கும். சற்றுத் தள்ளி, புக்கிட் மேரா லேன் 3இன் தொழிற்கூடக் கட்டடங்களில் பட்டறைகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அதற்கு மேலும் பணம் கட்டிப் பழைய வண்டியை வைத்துக்கொள்பவர் கணக்குப் பார்த்து அதைச் செய்வதில்லை, ஆசைக்காகச் செய்கிறார். 35 வயது தாண்டிய வண்டியைக் ‘கிளாசிக்’ திட்டத்தில் பதிந்தால் செலவு குறையும், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மிச்சமுள்ள 320 நாளும் அது சும்மா நிற்கும். இப்படிச் சும்மா நிற்பதும் வண்டிக்குக் கெடுதல்தான்.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்கு வருகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மூன்றாவது பங்கைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். அந்தத் தண்ணீர் எப்போது ரேடியேட்டருக்குப் போகலாம், எப்போது எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்கிற கதவுதான் தெர்மோஸ்டாட். மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். சிறிய உலோகக் குப்பிக்குள் மெழுகு அடைத்திருக்கும். அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் 1930களில் உருவாக்கிய வழி இது. 82 டிகிரி என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட்டில் அந்தச் சூட்டில் மெழுகு உருகத் தொடங்கும். உருகும்போது அது கணிசமாகப் பெருத்து ஓர் ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏற வேண்டும். சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும்.

எஞ்சினை ஏன் 80 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும்? வெளியே 32 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவர் வேகமாகத் தேயும், ஆயிலில் சேரும் ஈரம் வெளியேறாமல் கசடாகப் படியும். எப்போதோ ஒருமுறை, அதுவும் பக்கத்துக் கடைவரை மட்டும் ஓடும் கிளாசிக் வண்டிகளுக்கு இந்தக் கேடு இன்னும் அதிகம்.

கழற்றினால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியம். பல பழைய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டர் பக்கம் திறக்கும் அதே நேரத்தில், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதற்கான பைபாஸ் வழியை அது அடைக்கும். லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளின் 2.25 லிட்டர் எஞ்சினுக்கு முதலில் வந்த தெர்மோஸ்டாட்டில் இதற்கென்றே ஒரு வளையம் இருந்தது. தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சூடு குறையக் கழற்றியவருக்கு மேடேறும்போது சூடு கூடும்! எஞ்சின் சூடேறினாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள், கழற்றினால் குளிர்விக்கும் திறன் குறையும் என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகள் எச்சரிப்பதும் இதனால்தான். வளையம் இல்லாத மலிவுத் தெர்மோஸ்டாட்டை அதே இடத்தில் மாட்டினாலும் ஏறக்குறைய இதே கதை.

சரி, 82க்குப் பதில் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா? போடலாம், வெப்ப நாடுகளுக்கென்றே அப்படிக் கிடைக்கிறது. ஆனால் அது செய்வது, கதவைச் சற்று முன்னதாகத் திறப்பது மட்டும். கதவு முழுதாகத் திறந்தபின் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பது ரேடியேட்டர், விசிறி, தண்ணீர் பம்பு ஆகியவற்றின் கையில் இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட வண்டியும் 82 டிகிரி போட்ட வண்டியும் ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும். ஜோகூரின் செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப்பாதையில் இன்னும் மோசம்: எஞ்சின் உறுமும், வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் போகும், எதிர்காற்றே இருக்காது.

தெர்மோஸ்டாட் விதிவிலக்காக உண்மையான குற்றவாளியாக இருந்த வண்டி ஒன்று உண்டு. 1998 முதல் 2004 வரை வந்த டிஸ்கவரி 2இன் வி8 மாடல். அதில் தெர்மோஸ்டாட் எஞ்சினின் மேலே இல்லை. மூன்று குழாய் சேரும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தனியாக இருக்கும். புகைக் கட்டுப்பாட்டை எண்ணி எஞ்சின் சற்றுச் சூடாகவே ஓடும்படி அமைத்தார்கள். அலுமினிய எஞ்சினுக்கு அது ஒத்துவரவில்லை. அதிகம் சூடேறினால் சிலிண்டர் உறை நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் அந்தக் கூட்டை எடுத்துவிட்டு, குழாயின் நடுவே வழக்கமான 82 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் பொருத்திக்கொள்வது உலகம் முழுக்க அதன் சொந்தக்காரர்கள் செய்யும் மாற்றம். அதன் டேஷ்போர்டு முள் வேறு ஏமாற்றும். சூடு ஏறிக்கொண்டே இருந்தாலும் வெகுநேரம் நடுவிலேயே நிற்கும். அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். தெர்மோஸ்டாட்டுக்குச் செலவழிப்பதற்கு முன், உண்மையான எண்ணைக் காட்டும் தனி வெப்பமானி ஒன்றை மாட்டுங்கள் என்பேன்.

மற்ற பழைய வண்டிகளில் குற்றம் வேறு இடத்தில்தான். நம் ஊர் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது ஏர்கான். தொழிற்சாலையிலிருந்து ஏர்கான் இல்லாமல் வந்த வண்டிக்கு இங்கே பின்னால் மாட்டியிருப்பார்கள். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும். ரேடியேட்டருக்குப் போகும் காற்று அங்கேயே சூடாகிவிடும், வேகமும் குறையும். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 45 டிகிரி காற்று வந்தால் எந்த ரேடியேட்டரும் திணறும். அதிக வரிசைக் குழாய் கொண்ட ரேடியேட்டருக்கு மாறுவதும், கண்டென்சருக்கெனத் தனி மின்விசிறி வைப்பதும் இங்கே செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

அடுத்து விசிறி. சிலிக்கான் ஆயில் நிரப்பிய கிளட்ச் கொண்ட விசிறி, சூடேறினால் இறுகிச் சுழலும். ஆண்டுக்கணக்கில் ஆயில் கசிந்துவிட்டால் இறுகாது. எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. சிலர் மின்சார விசிறிக்கு மாறுவார்கள். அது ஊர்ந்து போகும்போதும் முழுவேகத்தில் சுற்றும், ஓடையைக் கடக்கும்போது அணைத்து வைக்கலாம் என்பது பெரிய லாபம். ஆனால் பழைய டைனமோ அந்தச் சுமையைத் தாங்காது. ஆல்டர்னேட்டருக்கும் மாற வேண்டும். விசிறியைச் சுற்றிய கூண்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கூண்டு இல்லாத விசிறி தான் தள்ளிய காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது: சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் கொதிக்கும். அதற்காக அளவுக்கு மேல் அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால் 40 வயது ரேடியேட்டரின் ஈய ஒட்டு விட்டுப்போகும்.

“இங்கே தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதும்” என்பது இன்னொரு வாதம். கூலண்டில் இருப்பது உறைதடுப்பு மட்டும் இல்லை, துருத்தடுப்பும்தான். ஆண்டில் 320 நாள் நிற்கும் வண்டிக்கு இது முக்கியம். துருவும் சுண்ணாம்பும் ரேடியேட்டர் குழாயை அடைக்கும், தெர்மோஸ்டாட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலண்ட் கலந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலக்க வேண்டாம்.

இந்த வண்டிகளின் மூல வடிவமைப்பு வெப்பமண்டலத்துக்கு ஆகாது என்பதை நான் ஏற்கமாட்டேன். 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து கிளம்பிய ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்களின் இரண்டு லேண்ட் ரோவர்கள் இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, 2019இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மறுபடியும் லண்டன் போனது.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாதபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். முத்திரையில் உள்ள எண்ணுக்கு அருகே திறக்கத் தொடங்கி, கொதிக்கும் முன் நன்றாகத் திறந்தால் அதில் குறையில்லை, ரேடியேட்டரைப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது அதிலுள்ள சிறு துளை மேல்பக்கம் இருக்கட்டும், சிக்கிய காற்று அதன் வழியே வெளியேறும்.

பெரிய மாற்றம் எதற்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். அனுமதி தேவையில்லாதவை, தேவைப்படுபவை, கூடவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைசியாக ஒன்று: ஓடும்போது சூட்டு முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் வெளியேறி சென்சார் காய்ந்திருக்கலாம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடு முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்.