அடங்காத் தமிழன்

வாலிநோக்கம் போன்ற நம் கரையூர்களில் பிறந்தவர்களுக்கு இலங்கை என்பது வெகு தூரத்துத் தேசமாகத் தோன்றுவதில்லை. மன்னார் வளைகுடாவின் இந்தப் புறம் நாம். அந்தப் புறம் அவர்கள். அப்படியிருந்தும் அக்கரையின் அரசியலில் நமக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு மூன்றே. தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தை அறிவோம், ஜீ. ஜீ. பொன்னம்பலத்தைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் காலத்தில், எந்தப் பெரிய கட்சியிலும் அடங்காமல் ஓரத்தில் நின்று உரக்கப் பேசிய செல்லப்பா சுந்தரலிங்கத்தை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலர்.

ஜனங்கள் அவருக்கு இட்ட பட்டம் 'அடங்காத் தமிழன்' என்பது. அவரைத் தேர்ந்தெடுத்த வவுனியா, வன்னி நாட்டைச் சேர்ந்தது. வன்னிக்கு 'அடங்காப்பற்று' என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஊருக்கும் ஆளுக்கும் இப்படிப் பெயர்ப் பொருத்தம் அமைவது அபூர்வம்.

ஸ்ரீ சுந்தரலிங்கம் 1895-ஆம் வருஷம் யாழ்ப்பாணத்தை அடுத்த உரும்பிராயில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பாலியோல் கல்லூரியில் கணிதம் பயின்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். சிவில் சர்வீஸ் உத்தியோகம் கிடைத்தும் அதில் நிலைக்கவில்லை. கொழும்பில் பௌத்தர்கள் நடத்திய ஆனந்தா கல்லூரியில் உப தலைமையாசிரியராக இருந்தார். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். சைவத் தமிழர் ஒருவர் பௌத்தப் பள்ளியில் சிங்களப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அவர் சிங்களத் தலைவர்களுக்கு விரோதியல்லர்; நண்பர்.

எவ்வளவு நண்பர் என்பதற்கு ஒரு விஷயம் சொல்லுவார்கள். அக்காலத்து அரசாங்க சபையின் அங்கத்தினர்கள் ஏழு கமிட்டிகளாகப் பிரிந்து, கமிட்டிக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அத் தலைவர்களே மந்திரிகள். 1936-இல் ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே அமைந்தார்கள். எந்தக் கமிட்டியில் யாரை அமர்த்தினால் இந்தப் பலன் கிட்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சுந்தரலிங்கமே என்று இலங்கை அரசியலைப் பற்றி எழுதியவர்கள் பலர் கூறுகிறார்கள். பிற்காலத்தில் தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று முழங்கியவரின் முதற் கணக்கு இப்படியிருந்தது!

1947 தேர்தலில் அவர் வவுனியாவில் சுயேச்சையாக நின்று ஜயித்தார். டி. எஸ். சேனநாயகாவின் மந்திரி சபையில் வர்த்தக மந்திரியும் ஆனார். அங்கேயும் அவர் அடங்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ் நாட்டு ஜனங்களின் பிரஜா உரிமையை 1948-இல் வந்த சட்டம் பறித்தது. அதைத் தொடர்ந்து, இந்திய, பாகிஸ்தானியக் குடிகளுக்குக் கடும் நிபந்தனைகளின் பேரில் மட்டும் உரிமை தரும் மசோதா அவ்வருஷம் டிஸம்பரில் வந்தபோது, மந்திரியாகிய அவர் ஓட்டளிக்காமல் சபையை விட்டு வெளியேறினார். பிரதம மந்திரி விளக்கம் கேட்டார். சுந்தரலிங்கம் பதவியையே ராஜினாமாச் செய்தார்.

அந்தச் சட்டங்களின் பலனை நம் ஜில்லா கண்ணாரக் கண்டது. 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பாட்டன் காலத்தில் விட்டுப்போன ஊரைத் தேடி நடந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்காக மந்திரி பதவியைத் துறந்தவர் என்ற ஒன்றுக்காகவே நம் கரையில் அவர் பெயரை மரியாதையுடன் சொல்லலாம்.

பின்னர் அவர் வழி மேலும் மேலும் ஓரமாயிற்று. சிங்கக் கொடி தேசக் கொடியானதை எதிர்த்து 1951-இல் பார்லிமெண்டு ஸ்தானத்தை இழந்து, இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்ற பேச்சு எழுந்தபோது, 1955-இல் மறுபடியும் அப்படியே செய்தார். 1959-இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கித் தனி நாடு கேட்டார். அக்காலத்தில் தமிழரின் பெருங்கட்சியான தமிழரசுக் கட்சி கேட்டதோ சமஷ்டி ஆட்சிதான். தனி நாடு என்பதைப் பலர் கிழவரின் பிடிவாதம் என்று எண்ணினார்கள். 1960-இல் வவுனியாவே அவரைக் கைவிட்டது.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல வேண்டுமென்று தாழ்த்தப்பட்ட மக்கள் வந்து நின்றார்கள். அவர்களைத் தடுத்து வாசலில் நின்ற கூட்டத்திற்குத் தலைவர் யார்? சாக்ஷாத் சுந்தரலிங்கமேதான்! மதுரை மீனாக்ஷி கோயிலில் வைத்தியநாதய்யர் 1939-இலேயே ஹரிஜனங்களை அழைத்துச் சென்றுவிட்டார். இருபத்தொன்பது வருஷம் கழிந்த பின்னும், ஆக்ஸ்போர்டில் படித்த பேராசிரியர் ஒருவர் முருகன் சந்நிதிக்கு முன்னால் தமிழரைத் தமிழர் தடுக்கலாம் என்றார். அவர் மீது தொடர்ந்த வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது.

சிங்களவர் பெரும்பான்மையாக இருப்பதனாலேயே தமிழரை ஒதுக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். அதே வாதத்தை அந்த வாசலில் நின்ற ஏழைகள் அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். பதில் சொல்ல அவரிடம் வழக்கம், சம்பிரதாயம் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் இல்லை. மேலே இருப்பவனிடம் கேட்கும்போது ஓர் அளவுகோல், கீழே இருப்பவனுக்குக் கொடுக்கும்போது வேறோர் அளவுகோல் என்றால், அந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் செல்லாது.

1970-இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தையே எதிர்த்து நின்று தோற்றார். அத்துடன் கதை முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1957-இல் பண்டாரநாயகாவும் 1965-இல் டட்லி சேனநாயகாவும் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தங்கள் காற்றில் போயிருந்தன. 1972-இல் வந்த புதிய அரசியல் சட்டமும் தமிழர் கோரிக்கைக்கு இடந்தரவில்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில், அதே செல்வநாயகத்தின் தலைமையில், தனித் தமிழீழமே இலக்கு என்று தீர்மானம் நிறைவேறிற்று. தேர்தலில் தோற்றவரின் கொள்கை, வென்றவரின் கொள்கையாகிவிட்டது. அடுத்த வருஷத் தேர்தலில் அதைச் சொல்லித் தமிழர் கூட்டணி 18 ஸ்தானங்களைப் பெற்றது.

ஓரத்தில் நிற்பவனின் குரலை நடுவீதிக்குக் கொண்டு வருவது எப்போதும் அவனுடைய சாமர்த்தியமாக இருப்பதில்லை. நிதானமாகப் பேசுகிறவர்களுக்குக் கொடுத்த வாக்கை ஆட்சியாளர்கள் மீறும்போது, நிதானமற்றவனின் வார்த்தையே ஜனங்களுக்கு உண்மையாகத் தோன்றத் தொடங்குகிறது. யுத்தம் மூண்டபின், 1985 பிப்ரவரியில் சுந்தரலிங்கம் காலமானார். அந்த யுத்தம் 2009 வரை ஓயவில்லை.

அடங்காமை பெரிய குணம்தான். மந்திரி பதவியைத் துறந்த நாளில் அது அவருக்கு அழகாக இருந்தது. மாவிட்டபுரத்தின் வாசலில் அது வெறும் ஆணவமாயிற்று. ஒரு தலைவரின் பின்னே செல்லுமுன் அவர் நமக்காக யாரிடம் என்ன கேட்கிறார் என்று பார்க்கிறோம். தமக்குக் கீழே நிற்பவர் அதையே அவரிடம் கேட்டால் என்ன சொல்லுகிறார் என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.