செவுள் சொல்லாத சேதி

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கண் தெளிவாக இருக்கிறதா, சதை அழுத்தினால் குழிகிறதா என்றும் பார்க்கிறோம். மீன் புதிதா பழசா என்பது இதில் தெரிந்துவிடும். அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகும் வலையும் கறுத்துப்போயின. மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம்; சேற்றில் படிந்ததை அள்ளுவது கடினம். இறாலும் நண்டும் மட்டியும் அந்தச் சேற்றை நம்பித்தான் வாழ்கின்றன.

எதில் ஆபத்து அதிகம்?

மட்டி போன்ற சிப்பி இனங்கள் தண்ணீரை வடிகட்டியே இரை எடுக்கும். அதனால் சாக்கடைக் கிருமி, உலோகம், எண்ணெய் நச்சு எல்லாம் அவற்றின் உடலில் சேரும். எண்ணெய் நச்சை மீனின் ஈரல் ஓரளவு சிதைத்துவிடும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. குடலையும் ஈரலையும் நீக்கினால் சில நச்சுகள் குறையும். பாதரசமோ சதையிலேயே தங்கும். மத்தி, நெத்திலியில் அது குறைவு. பெரிய சுறாவில் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வீடுகள் பெரிய சுறாத் துண்டைத் தவிர்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

கடையில் வாங்கிய மீனைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு உரிமை தருகிறது. சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மீன்பிடிப்பவரின் தொழிலுக்கு இச்சட்டம் பொருந்தாது. அது நியாயமே; தண்ணீரைக் கெடுத்தவர் அவரல்லர்.

கெடுத்தவரைக் கேட்கவும் வழி உண்டு. தண்ணீர், சேறு ஆகியவற்றின் சோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மாசால் நேர்ந்த இழப்புக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 5 ஆண்டுக்குள் இழப்பீடு கோரலாம். ஆகவே கறுத்த வலையின் படம், தொழிலுக்குப் போகாத நாட்களின் கணக்கு, மருத்துவச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாளை தீர்ப்பாயத்தில் உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சிகள் அவை.