சூரியன் பிடிக்கும் குடை

2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்த குவாண்டாஸ் விமானம் ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அருகே திடீரென்று தலைகுப்புறச் சாய்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நூறு பேருக்கு மேல் காயம். தகவல் தரும் கம்ப்யூட்டர் ஒன்று தவறான எண்களை அனுப்பியிருந்தது. காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று அதன் நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டதோ என்றும் ஆஸ்திரேலிய விசாரணைக் குழு ஆராய்ந்தது. 2011-இல் வந்த இறுதி அறிக்கை, முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. புரோகிராம் எழுதிப் பிழைக்கும் எனக்கு, ஒரு துகளும் சந்தேகப் பட்டியலில் இருந்தது கொஞ்சம் உறைத்தது.

எங்கிருந்து வருகின்றன இவை? பெரும்பாலும் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து. வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்களே முக்கியப் பிறப்பிடம் என்று கருதப்படுகிறது. பத்தில் ஒன்பது புரோட்டான்கள். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி இவற்றைக் கண்டறிந்தார்.

சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தை ஹைன்ரிஷ் ஷ்வாபே 1840-களில் வெளியிட்டார். புள்ளிகள் பெருகும்போது காஸ்மிக் கதிர்கள் குறைகின்றன என்று 1954-இல் ஸ்காட் ஃபோர்புஷ் காட்டினார். காரணம் சூரியக் காற்று. அது காந்தப் புலத்தையும் சுமந்துகொண்டு எல்லாத் திசையிலும் வீசுகிறது. 2012 ஆகஸ்டில் வாயேஜர்-1 இதன் எல்லையைக் கடந்தபோது சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்தது. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இந்தப் புலம் வலுத்துச் சிக்கலாகி, வெளியிலிருந்து வரும் துகள்களை அலைக்கழித்துத் திருப்பி விடுகிறது. வெயிலுக்கு நாம் குடை பிடிக்கிறோம். சூரியனோ நமக்குக் குடை பிடிக்கிறது.

பூமியின் காந்தம் இரண்டாவது குடை. துருவத்தருகே அது மெல்லியது. அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியாவின் மாசன் தளம் போன்ற இடங்களில் இந்த 11 ஆண்டு ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊட்டிக்குச் சக்தி மிகுந்த துகள்கள் மட்டுமே வந்து சேரும். அவை சூரியனுக்கு எளிதில் மசியாதவை. ஆனாலும் அங்குள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவி, 2015 ஜூன் 22 சூரியப் புயலின்போது இரண்டு மணி நேரம் மியூவான் துகள்கள் பெருகியதைப் பதிவு செய்தது. அந்த நேரம் பூமியின் குடை சற்றுத் தளர்ந்திருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? கீழடி இருக்கிறது. தொல்பொருளின் வயதைச் சொல்லும் கார்பன்-14, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் உருவாவது. சூரியன் அடங்கிய காலங்களில் அது அதிகம் உருவாகும். அதனால் நேரடிக் கணக்கு பிசகும். மர வளையங்களை வைத்துத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. முதலில் மிகுந்திருந்த கார்பன்-14 பிறகு காற்றில் மெல்லக் குறைந்தது. பழைய கரித்துண்டு அதிகத்தோடு தொடங்கி அதிகம் இழந்தது. புதியது குறைவோடு தொடங்கிக் குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் மிஞ்சியது கிட்டத்தட்ட ஒரே அளவு! இதற்குச் சூரியனின் ஏற்ற இறக்கமே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

2019-இல் தமிழகத் தொல்லியல் துறை கீழடி மாதிரி ஒன்றுக்குச் சொன்ன கி.மு. 580 இந்தத் தட்டைப் பகுதிக்குள்தான் விழுகிறது. இதனால் கீழடியின் பழமை பொய்யாகிவிடாது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை ஒரு நீண்ட காலப் பரப்பின் அடையாளமாகவே வாசிக்க வேண்டும். மண்ணடுக்கும் பானை ஓட்டு எழுத்தும் கூடவே சாட்சி சொல்ல வேண்டும். நம் பழமையைப் பெருமையோடு பேசும்போது சூரியன் வைத்த இந்த நிபந்தனையையும் சேர்த்தே சொல்வோம். எதிர்க்கேள்வி வரும்போது அதுதான் நமக்குக் கைகொடுக்கும்.